ஞாயிற்றுக்கிழமை வீடும் கிழக்கு வாசலும்

ஆஸ்டினிலிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் அந்த ஊர் வரும். டெக்ஸாஸுக்குள் ஜெர்மன்காரர்கள் குடியேறிய ஊர். ஒரு பெரிய தெரு, அதன் இரண்டு பக்கமும் சில சந்துகள், அவ்வளவுதான். அதில் பழைய கல் வீடுகள் இருக்கிற பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து, ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்ட் என்று பெயர் வைத்து, பார்த்த இடத்திலெல்லாம் பித்தளைப் பலகை அடித்திருந்தார்கள். பன்றிக்கறிக்குப் புகை போட்ட கொட்டகைக்கு ஒரு பலகை. குதிரை கட்டிய இரும்பு வளையத்துக்கு ஒரு பலகை. எவனோ ஒருவன் கிணறு தோண்டி, தண்ணீர் வராமல் பாதியில் விட்டுப்போன குழிக்கும் ஒரு பலகை உண்டு. தோற்றதைக்கூடப் பித்தளையில் எழுதி வைக்கிற ஆட்களை நான் அங்கேதான் பார்த்தேன்.

எனக்கு ஆங்கிலப் பலகை படிக்க வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஊரின் வரலாறாக நான் இங்கே எழுதுவதெல்லாம் என் தங்கை வீட்டுக்காரர் விருந்தாளிகளுக்குச் சொல்லக் கேட்டது. வாராவாரம் கேட்டதால் மனப்பாடம் ஆகிவிட்டது. அதில் பாதி தப்பாக இருந்தால் அது அவர் பொறுப்பு.

அவர் சொன்னபடி, இந்த ஜெர்மன்காரர்களை யாரோ சில பிரபுக்கள் சேர்ந்து ஆசை காட்டிக் கப்பலேற்றி அனுப்பினார்கள். கடற்கரையில் இறங்கினால் வண்டி இல்லை. காய்ச்சலில் நிறையப் பேர் மணலிலேயே செத்தார்கள். மிச்சம் பேர் நடந்தே இந்தக் கல்லுக்காட்டுக்கு வந்து, சுண்ணாம்புக்கல்லை வெட்டி வீடு கட்டினார்கள். சுற்றியிருந்த பழங்குடிகளுடன் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கு ஆற்றங்கரையில் வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். ஒருநாளும் மீறப்படாத ஒப்பந்தம் என்று அதில் எழுதியிருக்கிறதாம். மாப்பிள்ளை அதை நெஞ்சில் கை வைத்துச் சொல்வார். ஒப்பந்தம் அப்படியே பத்திரமாக இருக்கிறது. ஒப்பந்தம் போட்ட பழங்குடிகளில் ஒருவரைக்கூட அந்த ஊரில் நான் பார்த்ததில்லை.

நான் அந்த ஊருக்குப் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கிட்டங்கியில் பண்டல் கட்டிக்கொண்டிருந்தேன். கடையின் முன்பக்கம் வந்து வாடிக்கையாளரிடம் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனாலேயே கடைசிவரை கிட்டங்கியில் இருந்தேன். அதனாலேயே கல்யாணமும் ஆகவில்லை. தங்கை அமெரிக்கா போய் சிட்டிசன் ஆகி, அண்ணனுக்கும் கிரீன் கார்டு வேண்டும் என்று எழுதிப்போட்டு, அது வந்து சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது.

ஆஸ்டினில் தங்கை வீடு பெரியது. எனக்குத் துணி துவைக்கிற மெஷினுக்குப் பக்கத்து அறை. அதில் குறை ஒன்றும் இல்லை. குறை சனிக்கிழமைகளில்தான். சனிக்கிழமை தவறாமல் பத்துக் குடும்பம் சாப்பிட வரும். எல்லாரும் இன்ஜினியர், டாக்டர். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "அங்கிள், நீங்க என்ன பண்றீங்க?" நான் தரையைப் பார்ப்பேன். மாப்பிள்ளை தூரத்திலிருந்தே சொல்லுவார், "மச்சான் கொஞ்சம் ஷை டைப். படிக்கலை. ஆனா கோழிக் கொழம்பு வெச்சாருன்னா, அடிச்சுக்க ஆளில்லை." எல்லாரும் சிரித்து, குழம்பு பிரமாதம் என்று சொல்லிவிட்டு, மறுபடியும் ஷேர் மார்க்கெட் பேசப் போய்விடுவார்கள். கூண்டில் இருக்கிற குரங்குக்குக் கடலை போட்டுவிட்டுப் போவதுபோல. ஐந்து வருடம் அப்படிக் கடலை வாங்கித் தின்றேன்.

ஒரு தடவை எல்லாரும் கிளம்பி அந்த ஜெர்மன் ஊரைப் பார்க்கப் போனார்கள். அங்கே விற்பனைக்கு இருந்த ஒரு குட்டி வீட்டை மாப்பிள்ளை பார்த்தார். அவருடைய கம்பெனி ஷேர் ஏறிக்கொண்டே இருந்த காலம். வாங்கிவிட்டார்.

அதற்கு ஞாயிற்றுக்கிழமை வீடு என்று பெயர். அந்தக் காலத்து ஜெர்மன் குடியானவர்கள் தூரத்தில் தோட்டத்தில் இருந்தார்கள். சனிக்கிழமை வண்டி கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்து, சாமான் வாங்கி, ஒரு ராத்திரி படுத்து, ஞாயிறு காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டுத் திரும்புவார்கள். அந்த ஒரு ராத்திரிக்காக டவுனில் ஆளுக்கொரு கல் வீடு. கீழே ஒரே அறை, மேலே தகரக் கூரைக்கு அடியில் ஒரு பரண். பரணுக்குப் போகிற மரப்படியை வீட்டுக்கு வெளியே வைத்திருந்தார்கள். படியை உள்ளே வைத்தால் அறையில் இடம் போய்விடுமாம். மழையிலும் பனியிலும் பெற்ற பிள்ளைகளை வெளியே அனுப்பி, வழுக்குகிற படியில் ஏறிப் படுக்க வைத்தவர்களை மாப்பிள்ளை பெரிய அறிவாளிகள் என்பார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுக்குள் படி வைக்கத் தெரியாதவர்கள் என்றுதான் தோன்றியது.

ஆனால் அந்த வீட்டை வாங்கியதில் எனக்கு ஒரு நன்மை நடந்தது. பூட்டிக் கிடந்தால் எலி வரும், யாராவது இருக்க வேண்டும் என்றார் மாப்பிள்ளை. நான் இருக்கிறேன் என்றேன். அமெரிக்கா வந்து நானாக வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான். பெரிய தெருவில் இருந்த ஒரு ரொட்டிக் கடையில் தட்டுக் கழுவுகிற வேலையைத் தங்கை பேசிப் பிடித்துக் கொடுத்தாள். கடைக்குப் பின்கட்டு, தண்ணீர்க் குழாய், தட்டுகள். பேச ஆள் கிடையாது. செங்கல்லுக்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாத ஒரு கறுப்பு ரொட்டியை அங்கே சுட்டு விற்றார்கள். அதை ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். வாங்கட்டும். வேலை முடிந்து தெற்குப் பார்த்த வாசலைத் திறந்து உள்ளே போய்த் தாழ் போட்டால், என்ன பண்றீங்க என்று கேட்க யாரும் இல்லை. சாதம் வடித்து, புளிக்குழம்பு வைத்து, காலை நீட்டிச் சாப்பிடுவேன். அந்த வீடு கையை விட்டுப் போனால் நான் மறுபடியும் மெஷினுக்குப் பக்கத்து அறைக்குப் போக வேண்டும், சனிக்கிழமைகளுக்குப் போக வேண்டும். அந்தப் பயம் ஒன்றைத் தவிர அங்கே இருந்த முதல் நாலு வருடமும் எனக்கு வேறு கவலை இருந்ததில்லை.

மாதத்துக்கு இரண்டு தடவையாவது மாப்பிள்ளை விருந்தாளிகளோடு வருவார். ஊரிலிருந்து வந்த யாருடைய அப்பா அம்மாவாவது இருப்பார்கள். ஸ்வெட்டரும் ஸ்னீக்கர்ஸும் போட்ட மாமிகள், கழுத்தில் கேமரா மாட்டிய மாமாக்கள். அன்று மட்டும் நானும் கூட நடக்க வேண்டும். காபி பிளாஸ்க்கும் புளியோதரைப் பையும் என் கையில்.

பெரிய தெருவில் நின்று மாப்பிள்ளை ஆரம்பிப்பார். "இந்த ரோடு ஏன் இவ்வளவு அகலம் தெரியுங்களா? மாட்டு வண்டி ஒரே வளைப்புல திரும்பறதுக்கு. அன்னிக்கே பிளான் பண்ணியிருக்கான் பாருங்க."

"எங்க வீதியிலகூட வண்டி திரும்புமுங்க," என்றார் ஒரு பெரியவர். "என்ன, திரும்புனா ரெண்டு வூட்டு வாசத் திண்டு இடிஞ்சிரும்."

அடுத்தது ஆறு மூலை மண்டபம். முதலில் வந்தவர்கள் கட்டியது. அதுவே சர்ச், அதுவே பள்ளிக்கூடம். பிறகு வசதி வந்ததும் அவர்களே அதை இடித்துப் போட்டுவிட்டார்கள். இன்னும் கொஞ்ச காலம் கழித்து அவர்களுடைய பேரன்களுக்கு வருத்தம் வந்து, அதே மாதிரி ஒன்றைப் புதிதாகக் கட்டிப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

"அப்ப இது ஒரிஜினல் இல்லியா, அங்கிள்?" என்று ஓர் இளம் இன்ஜினியர் கேட்டான்.

"ஒரிஜினல் இல்லை. ஆனா ஒரிஜினல் மாதிரியே."

"நம்ம பொங்கல் விழாவுல தெர்மாகோல்ல கோபுரம் செஞ்சு நிறுத்துனமே, அந்த மாதிரி," என்றான் அவன்.

"அது உன்ர பொண்டாட்டி செஞ்சது. சாஞ்சு சாஞ்சு நின்னுச்சு. இது அப்பிடியா நிக்குது?" என்றார் மாப்பிள்ளை.

எல்லாரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். போலிக்கு முன்னால் நிற்கிறோம் என்று தெரிந்த பிறகும் சிரித்துக்கொண்டே நின்றார்கள்.

அதைத் தாண்டினால் எதிரெதிரே இரண்டு சர்ச். சாமி ஒன்றுதான். கும்பிடுகிற முறையில் சண்டை வந்து, ஒருவர் மணி அடிப்பது மற்றவருக்குக் கேட்க வேண்டும் என்றே எதிரில் கட்டியது என்று மாப்பிள்ளை சொல்லுவார். "நம்ம ரெண்டு தமிழ்ச் சங்கம் மாதிரி," என்று யாராவது சொல்லுவார்கள். அந்த நகைச்சுவை மாதம் ஒருமுறை புதிதாகப் பிறக்கும். பிறகு கல்லால் கட்டின ஜெயில். அதில் அடைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் பீர் குடித்துவிட்டுப் பாடியவர்கள். இப்போது அதே ஊரில் இலையுதிர் காலத்தில் மூன்று நாள் பீர் திருவிழா நடத்தி, பாடுகிறவனுக்குப் பரிசு கொடுக்கிறார்கள். தோல் அரைக்கால் சட்டை போட்டு வார் மாட்டிக்கொண்டு, கிழவர்கள் பெரிய தொடைகளைத் தட்டி ஆடுவார்கள். அவர்களில் ஒருத்தருக்கும் ஜெர்மன் பேச வராது என்று ரொட்டிக் கடைக்காரனே என் தங்கையிடம் சொன்னான். பொங்கல் விழாவுக்குப் பட்டு வேட்டி கட்டி, அது அவிழாமல் இருக்க பெல்ட் போட்டுக்கொண்டு வருகிற நம் ஆட்களின் நினைவு எனக்கு வரும்.

சுற்றிவிட்டுக் கடைசியாக நம் வீட்டுக்கு வருவார்கள். வாசலில் நின்று மாப்பிள்ளை கற்சுவரைத் தட்டிக் காட்டுவார். சுவர் ஒன்றரை அடி கனம்.

"இங்க ஓர் ஆணி அடிக்கோணும்னாலும் கமிட்டில பெர்மிஷன் வாங்கோணும். ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கறதுக்குக்கூட அவங்க சொல்ற கலர்தான். அதான் அமெரிக்கா. நம்மூர்ல கோயில் கல்லையே பேத்துக்கிட்டுப் போய் துணி தொவைக்கப் போட்டுக்குவான்."

எல்லாரும் தலையாட்டுவார்கள். நான் புளியோதரையைக் காகிதத் தட்டில் போட்டுக் கொடுப்பேன்.

அந்தக் கமிட்டிக்குத் தலைவி ஓர் அம்மாள். ஒல்லியான உடம்பு, நீளமான ஜீன்ஸ் பாவாடை, கையில் எப்போதும் ஒரு டார்ச். பட்டப்பகலில் டார்ச் அடித்துச் சுவரைப் பார்ப்பாள். என்னிடம் பேசும்போது நான் செவிடன் என்று நினைத்துக்கொண்டு சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். அவளுடைய தாத்தாவின் தாத்தா அந்த ஊரைக் கட்டியவர்களில் ஒருவராம். யாரைப் பார்த்தாலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் அதைச் சொல்லிவிடுவாள். வசந்த காலத்தில் ஒரு நாள் பழைய வீடுகளையெல்லாம் திறந்துவைத்து, டிக்கெட் போட்டு, டூர் என்று ஜனங்களுக்குக் காட்டுவார்கள். அந்த வருடம் நம் வீட்டையும் சேர்க்கலாம் என்று அவளே கேட்டாள்.

மாப்பிள்ளைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டுக்காரர் பெயரை டூர் புத்தகத்தில் அச்சடிப்பார்கள். ஆஸ்டின், டல்லாஸ், ஹூஸ்டன் எல்லா இடத்துக்கும் போன் போட்டுச் சொன்னார். நான் அந்த நாளை நினைத்துப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்கள் என் அறைக்குள் நடப்பார்கள், என் கட்டிலைப் பார்ப்பார்கள், என்ன பண்றீங்க என்பார்கள். அன்று ரொட்டிக் கடையிலேயே இருந்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அதற்குள் ஷேர் விழுந்துவிட்டது. மாப்பிள்ளையுடையது மட்டுமில்லை, சனிக்கிழமைக்கு வருகிற எல்லாருடையதும் விழுந்தது. ஆனால் அவர் அதை அப்படிப் பார்க்கவில்லை. தனக்கு மட்டும் ஏன் இப்படி என்று நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில் இருந்த ஒரு சினேகிதரைக் கேட்டார். அந்த ஆளுக்குப் பகலில் ஏதோ பாங்கில் கம்ப்யூட்டர் வேலை. மற்ற நேரத்தில் வாஸ்து. மெட்ராஸிலிருந்து புத்தகம் வாங்கி வந்து படித்து, தன் வீட்டு அடுப்பை அக்னி மூலைக்கு மாற்றி, அதற்காக காஸ் குழாயை வீட்டைச் சுற்றி இழுத்தவர்.

ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளையும் தங்கையும் மட்டும் வந்தார்கள். மாப்பிள்ளை போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். என் கையில் ஒரு திசைகாட்டியைக் கொடுத்து அறையின் நடுவில் நிற்கச் சொன்னார்.

"முள்ளு எங்க காட்டுது?" என்றது போன்.

"அடுப்புப் பக்கம் காட்டுதுங்க, வாசலுக்கு நேர் எதிர்ல," என்றேன்.

"அடுப்பு வடக்குன்னா வாசல் தெற்கு. மெயின் என்ட்ரன்ஸ் சவுத். சார், இதுக்கு மேல என்ன வேணும்? எமன் வாசல் சார் அது. வாங்கினப்பவே என்னைக் கேட்டிருக்க வேண்டாமா?"

"வாங்குனப்புறம் ஷேர் ஏறுச்சுங்களே," என்றாள் தங்கை.

"ஏத்தி விட்டுத்தான் மேடம் எறக்கும். உயரத்துல இருந்து விழுந்தாத்தானே அடி பலமா இருக்கும்."

"ரோடே தெக்குப் பக்கந்தானுங்க இருக்குது. இந்தப் பக்கத்து வீடு அத்தனையும் தெக்கு வாசல்தான்," என்றாள் தங்கை மறுபடியும்.

"அதான் எல்லாரும் செத்துட்டாங்க," என்றது போன்.

மாப்பிள்ளை அதைக் கேட்டுத் தலையை மெல்ல ஆட்டினார். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தின ஜெர்மன்காரர்கள் செத்ததற்கு அவருக்கு அன்றுதான் காரணம் கிடைத்தது. இரண்டு பட்டம் வாங்கியவர். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சில்லு செய்கிறவர்.

கிழக்குச் சுவரை உடைத்து வாசல் வைக்க வேண்டும், தெற்கு வாசலை நிரந்தரமாக மூட வேண்டும், தை பிறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று போன் சொல்லி முடித்தது.

"கமிட்டில கேக்கோணுமில்லீங்களா?" என்றாள் தங்கை. "ஆணி அடிக்கறதுக்கே பெர்மிஷன்னு நீங்கதானே எல்லாருகிட்டயும் சொல்லுவீங்க."

"அது மத்தவங்களுக்கு. கண்டபடி மாத்தறவனுக்கு. நாம நல்லதுக்குத்தானே பண்றோம். அதுவும் கெழக்குச் செவுரு ரோட்டுக்குத் தெரியாது. எவன் வந்து பாக்கப் போறான்?"

"டூருக்கு வர்றவங்க பாப்பாங்க."

"பழைய கதவுன்னு சொல்லிக்கலாம். இங்க எது ஒரிஜினல், எது ஒரிஜினல் மாதிரின்னு எவனுக்குத் தெரியும்?" என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னுங் மச்சான்?" என்றார்.

நான் திசைகாட்டியைப் பார்த்தேன். எமன் எந்தப் பக்கம் வருவான் என்பது பற்றி எனக்கு அக்கறை இல்லை. கமிட்டி அம்மாள் எந்தப் பக்கம் வருவாள் என்பதுதான் என் கவலை. "வேண்டாமுங்க மாப்ள. இருக்கறது இருக்கட்டுமுங்க," என்றேன்.

"உங்களுக்குப் பயம். எதுக்கெடுத்தாலும் பயம். அதான் கிட்டங்கியிலயே இருந்துட்டீங்க," என்றார்.

சுவரை உடைக்க மூன்று மெக்சிகோக்காரர்கள் வந்தார்கள். முதல் கல் அசையவே அரை நாள் ஆயிற்று. கல்லை உடைத்து வெளியே எடுத்தபோது நடுவில் வைக்கோலும் குதிரைமயிரும் கலந்த மண் கொட்டியது. அவர்களில் மூத்தவர் அதைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்து, என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மாப்பிள்ளை வாசற்படியில் மஞ்சள் தடவி, எலுமிச்சம்பழம் வெட்டி வைத்து, மிளகாய் கோத்துக் கட்டினார். மாவிலைக்குப் பதில் பீக்கன் மரத்து இலை. தெற்கு வாசலுக்குக் குறுக்கே உள்பக்கம் பலகை அடித்து, அதை ஒட்டி ஒரு கண்ணாடி அலமாரியை நிறுத்தி, அதில் தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மைகளை வைத்தார்கள்.

புதுக் கிழக்கு வாசலைத் திறந்தால் எதிரில் பக்கத்து வீட்டுக் கொட்டகைச் சுவர். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நடந்து போகலாம். அவர்களுடைய குப்பைத் தொட்டி சரியாக நம் வாசலுக்கு நேரே நின்றது. சூரியன் அந்தச் சந்துக்குள் எட்டிப் பார்த்ததே இல்லை. மாப்பிள்ளை அங்கே நின்று கிழக்குப் பார்த்துக் கும்பிட்டார். குப்பைத் தொட்டி ஏற்றுக்கொண்டது.

டூருக்கு ஒரு மாதம் முன்னால் கமிட்டி அம்மாள் பார்வையிட வந்தாள். மாப்பிள்ளையும் தங்கையும் வந்திருந்தார்கள். அம்மாள் தெற்கு வாசலில் நின்று கதவைத் தட்டினாள். உள்ளே பொம்மைகள் தலையாட்டின. கதவு திறக்கவில்லை. மாப்பிள்ளை சந்து வழியாக ஓடிப்போய், "திஸ் வே, மேடம், திஸ் வே," என்று கூப்பிட்டார். அவள் பக்கவாட்டில் நகர்ந்து சந்துக்குள் வந்தாள். மஞ்சள் தடவிய வாசலைப் பார்த்தாள். டார்ச்சை அடித்தாள். வெட்டுப்பட்ட கல்லின் புது வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு அதைத் தடவினாள். பிறகு அழுதாள். வாய்விட்டு இல்லை, ஆனால் கண்ணீர் வந்தது. பெற்றவர்கள் செத்தால் அழுகிற மாதிரி ஒருத்தி சுவருக்கு அழுததை அன்றுதான் பார்த்தேன். அந்தப் பழங்குடிகளுக்காக இந்த ஊரில் யாராவது இப்படி அழுதிருப்பார்களா என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்தி, "மேடம், திஸ் இஸ் ஏன்ஷியன்ட் சயின்ஸ். ஃபைவ் தௌசண்ட் இயர்ஸ் ஓல்ட்," என்றார்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று தங்கையிடம் கேட்டேன்.

"அய்யாயிரம் வருசம் காத்திருந்த சயின்ஸு, எங்க கமிட்டி கூடற வரைக்கும் ஒரு மாசம் காத்திருக்க மாட்டேனுருச்சான்னு கேக்கறாங்க," என்றாள் தங்கை. சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. மாப்பிள்ளை பார்க்கவில்லை.

நோட்டீஸ் வந்தது. கிழக்கு ஓட்டை அவர்கள் சொல்கிற கல்லால், அவர்கள் சொல்கிற சுண்ணாம்பால், அவர்கள் சொல்கிற கொத்தனாரால் அடைக்கப்பட வேண்டும். அதுவரை அந்த வாசலை யாரும் பயன்படுத்தக் கூடாது. கமிட்டி ஆட்கள் வந்து கனமான பலகை வைத்து அடித்து, முன்சுவரிலிருந்து பித்தளைப் பலகையைத் திருகிக் கழற்றிக்கொண்டு போனார்கள். டூர் புத்தகத்திலிருந்து வீடும் பெயரும் போயின. தெற்கு வாசலையாவது திறக்கலாம் அல்லவா? நியூ ஜெர்சி போன் விடவில்லை. கிழக்கை மூடிவிட்டுத் தெற்கைத் திறந்தால் அது முன்னைவிட மோசம், இரண்டு மடங்கு திருப்பி அடிக்கும் என்றது. ஷேர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை பயந்துவிட்டார். இவர்கள் சட்டத்தால் ஒரு வாசல் போயிற்று, நம்மவர் சாஸ்திரத்தால் இன்னொரு வாசல் போயிற்று.

அடுத்த சனிக்கிழமை தங்கையும் மாப்பிள்ளையும் என்னைக் கூட்டிப்போக வந்தார்கள். கார் தெருவில் நின்றது.

"சாமானெல்லாம் கட்டீட்டீங்களா, மச்சான்?"

"இல்லீங்க."

"ஏன்?"

நான் மூடிக் கிடந்த தெற்குக் கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "நான் இங்கயே இருந்துக்கறனுங்க."

"வாசலே இல்லாத வூட்டுல எப்பிடி இருப்பீங்க? பேய் மாதிரி செவுத்துக்குள்ள பூந்து போவீங்களா?"

"மேல ஒண்ணு இருக்குதுங்களே."

இருவரும் திரும்பி அந்த வெளிப்படியைப் பார்த்தார்கள். முந்தின மூன்று நாளும் நான் அதில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். படி ஏறி, பரண் கதவைக் குனிந்து திறந்து, தவழ்ந்து போனால் நடுவில் தானிய மூட்டை இறக்குகிற ஒரு சதுர ஓட்டை. அதில் ஏணி வைத்துக் கீழே இறங்கலாம்.

"அண்ணா, முழங்கால் வலின்னு சொல்லுவீங்களே," என்றாள் தங்கை.

"அது இருக்குது."

"கமிட்டி ஒத்துக்காது," என்றார் மாப்பிள்ளை. அவருக்கு அப்போது ஓர் ஆதரவு தேவைப்பட்டது. எதிரில் போய்க்கொண்டிருந்த அந்த அம்மாளை அவரே கூப்பிட்டுக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. அந்தப் படி ஒரிஜினல், அந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான் ஏறிப் போவார்கள், இவர் ஏறினால் கமிட்டிக்கு ஆட்சேபணை இல்லை, சந்தோஷம்தான் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, செவிடனுக்குச் சொல்வதுபோல, "வெரி, வெரி, குட்," என்றாள். அறுபதை நெருங்குகிறவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தவழ்வது அவளுக்கு வரலாறு.

"எந்த வாசலும் வேண்டாம்னுட்டா வாஸ்து என்னன்னு கேக்கோணும்," என்று மாப்பிள்ளை தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, "சரி, இருங்க. ஓட்டை அடைக்கற வரைக்கும் விக்கவும் முடியாது. யாராச்சும் இருக்கோணுமில்ல," என்றார். ஏதோ எனக்குத் தானம் கொடுப்பவர்போல. தங்கை மட்டும் காரில் ஏறுவதற்கு முன் திரும்பி வந்து, ஊறுகாய் பாட்டிலை என் கையில் கொடுத்தாள். "அண்ணா, ஏறும்போது ரெண்டு கையாலயும் புடிச்சுக்குங்க," என்றாள்.

அதன்பிறகு மாப்பிள்ளை விருந்தாளிகளை இங்கே கூட்டி வருவதில்லை. சான் மார்கோஸ் பக்கம் ஒரு பெரிய அவுட்லெட் மால் வந்துவிட்டது. அங்கே கூட்டிப் போகிறார். அங்கே வரலாறு சொல்ல வேண்டியதில்லை, தள்ளுபடி மட்டும் சொன்னால் போதும். டூர் நாளில் நான் கதவில்லாத அறைக்குள் படுத்திருந்தேன். தெருவில் கூட்டம் நடந்து போவது கேட்டது. வழிகாட்டிப் பெண் பக்கத்து வீட்டுக் கொட்டகைக்கு முன்னால் நின்று பன்றிக்கறியைப் பற்றி வெகுநேரம் பேசினாள். நம் வீட்டுக்கு முன்னால் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் தாண்டிப் போனாள். காலடிச் சத்தம் எதிரில் இருந்த ஜெயிலை நோக்கிப் போயிற்று. நான் எழுந்து உலை வைத்தேன்.

ஒருவரும் தட்டுவதில்லை. தட்டுவதற்குக் கதவு இல்லை. அரிசி மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு படியேறும்போதும், மழையில் நாலாவது படி வழுக்கிக் கைப்பிடியைக் கட்டிக்கொள்ளும்போதும், படியை வெளியே வைத்தவன் வடிகட்டின முட்டாள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.